எலக்ட்ரிக் கிட்டாரின் நெக்: எந்த மரம், எதற்காக?

எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றைச் சொல்லிச் செய்விப்பவரும், கையிலிருக்கும் ஸ்ட்ராட் (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோகாஸ்டர்) வகைக் கிட்டாரின் நெக்கை, அதாவது உடலிலிருந்து நீளும் கழுத்துப் பகுதியை, மட்டும் மாற்ற நினைப்பவரும் ஒரு கட்டத்தில் மரத்தை முடிவு செய்தே ஆகவேண்டும். மேப்பிள் என்றால் பளிச்சென்ற ஒலி, மஹோகனி என்றால் இதமான ஒலி, நெக்கின் மேல் விரல்கள் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட் என்றால் கூர்மை தணிந்த ஒலி என்று விற்பனையாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். இந்த வாய்பாட்டில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மரத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அந்த உண்மையைப் பிடிக்க முடியாது. நெக்கின் மரம் ஒலியை எந்த வழியில் தொடுகிறது, எவ்வளவு தொடுகிறது, ஒலியைத் தவிர வேறு எதையெல்லாம் அது முடிவு செய்கிறது என்று பார்த்த பிறகு தேர்ந்தெடுப்பதே முறை.

பிக்கப் மரத்தைக் கேட்பதில்லை. அதன் காந்தப் புலத்துக்குள் எஃகுத் தந்தி அசையும்போது சுருளில் பிறக்கும் மின்னழுத்தமே ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. அக்கூஸ்டிக் கிட்டாரில் மேற்பலகை காற்றை அசைத்து ஒலியை உண்டாக்குகிறது. திடமான உடல் கொண்ட எலக்ட்ரிக் கிட்டாரில் மரத்துக்கு அந்த வேலை இல்லை. தந்தியின் முனைகளைத் தாங்கி நிற்கும்போது அதன் அதிர்விலிருந்து எவ்வளவு ஆற்றலைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது என்பதில்தான் மரத்தின் பங்கு அடங்கியிருக்கிறது. முனை அசையாமல் நின்றால் தந்தி நெடுநேரம் அதிரும். முனை தானும் சேர்ந்து அசைந்தால், எந்த அலைவெண்ணில் அசைகிறதோ அந்த அலைவெண் தந்தியிலிருந்து விரைவில் வடிந்துவிடும். தந்திகளை உடலின் மேல் தாங்கும் பிரிட்ஜ் இருக்கும் பக்கத்தில் கனமான உலோகமும் நான்கைந்து சென்டிமீட்டர் தடித்த பலகையும் இருப்பதால் அங்கே அசைவு மிகக் குறைவு. மெலிந்து நீண்டு, ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்டு, மறுமுனையில், தந்திகளை முறுக்கும் ட்யூனர்கள் உள்ள தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் பாரத்தைச் சுமந்து நிற்கும் நெக்தான் உண்மையில் அசைகிறது. உடற்பலகை ஆல்டர் மரமா, ஆஷ் மரமா என்று நடக்கும் வாதங்களைவிட நெக்கைப் பற்றிய விவாதத்துக்குக் கூடுதல் பொருள் இருப்பது இதனால்தான்.

ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷரும் டில்மன் ட்ஸ்விக்கரும் 1990களின் இறுதியில் இதை அளந்து காட்டினார்கள். ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் ஒவ்வொன்றிலும் நெக் எந்த அலைவெண்ணில் எவ்வளவு எளிதாக அசைகிறது என்று அளந்து, அதே இடத்தில் ஒலிக்கும் சுரம் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதோடு ஒப்பிட்டார்கள். நெக் எளிதில் அசையும் அலைவெண்ணும் அங்கே வாசிக்கப்படும் சுரத்தின் அலைவெண்ணும் ஒன்றாக அமையும் இடங்களில் சுரம் சட்டென்று அணைந்துபோகிறது. கிட்டார் வாசிப்பவர்கள் டெட் ஸ்பாட் என்று அழைப்பது இதைத்தான். பாரிஸில் ஆர்தர் பாடேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அளவீட்டைக் கொண்டே ஒரு சுரம் தேய்ந்து மறையும் நேரத்தை முன்கூட்டிக் கணிக்க முடியும் என்று நிறுவியது.

இதை உணர ஆய்வகம் தேவையில்லை. கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் இணைக்காமல், சத்தமில்லாத அறையில், G தந்தியை முதல் ஃப்ரெட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே ஒரே அழுத்தத்தில் மீட்டிப் பார்க்கலாம். பெரும்பாலான சுரங்கள் சீராகத் தேய்ந்து மறையும். ஏதோ ஓரிடத்தில் மட்டும், மீட்டிய வேகத்தில் எழுந்த சுரம் ஓரிரு விநாடிகளில் உட்கார்ந்துவிட, அதன் மேல் எட்டாவது சுரம் மட்டும் மெலிதாக எஞ்சி நிற்கும். அப்போது ஹெட்ஸ்டாக்கில் ஒரு சிறிய இரும்புக் கிளாம்ப்பைத் துணி வைத்து இறுக்கிவிட்டு மீண்டும் மீட்டினால், அந்த இடம் ஓரிரு ஃப்ரெட்டுகள் கீழே நகர்ந்திருப்பதைக் கேட்கலாம். மரம் மாறவில்லை, நெக்கின் நுனியில் சேர்ந்த பாரம் அதன் இயல்பு அலைவெண்ணை இறக்கியிருக்கிறது. பேஸ் கிட்டாரில் இது இன்னும் வெளிப்படை: ஃபெண்டர் வகைப் பேஸ்களில் G தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கும் ஏழாம் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு சுரம் அணைந்து ஒலிப்பது வாசிப்பவர்கள் எல்லோரும் அறிந்ததே.

ஆக, நெக்கின் விறைப்பு, அடர்த்தி, தடிமன், நீளம், நுனியின் பாரம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே ஒலியில் அதன் பங்கை முடிவு செய்கின்றன. இவற்றுள் மரத்தின் இனம் தீர்மானிப்பது முதல் இரண்டை மட்டுமே.

இனி மரங்களை எண்களில் பார்க்கலாம். கடின மேப்பிளின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 705 கிலோ. வளைவை எதிர்க்கும் திறனைக் காட்டும் மீள்திறன் குணகம் சுமார் 12.6 கிகாபாஸ்கல். ஹோண்டுராஸ் மஹோகனிக்கு இவை முறையே சுமார் 590 கிலோ, 10 கிகாபாஸ்கல். மேப்பிள் நான்கில் ஒரு பங்கு அதிக விறைப்புள்ளது. ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் கனமும் உள்ளது. ஒரு தண்டு வளைந்து அதிரும் அலைவெண் விறைப்பை அடர்த்தியால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கணக்கைப் போட்டால், ஒரே அளவில் செதுக்கிய மேப்பிள் தண்டும் மஹோகனித் தண்டும் அதிரும் அலைவெண்களுக்கு இடையிலான வேறுபாடு இரண்டு, மூன்று விழுக்காட்டைத் தாண்டவில்லை. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு பலகைகளுக்கு இடையிலேயே அடர்த்தி பத்து விழுக்காடு வரை மாறுவது சாதாரணம் என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்கவேண்டும்.

தடிமனின் கதை வேறு. வளைவுக்கு எதிரான விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள நெக்கை 22 மில்லிமீட்டர் ஆக்கினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மஹோகனியிலிருந்து மேப்பிளுக்கு மாறினால் கிடைக்கும் கூடுதலைவிட இது அதிகம். அலைவெண்ணும் பத்து விழுக்காடு ஏறுகிறது. உண்மையான நெக்கில் ட்ரஸ் ராட் (நெக் வளையாமலிருக்க உள்ளே வைக்கும் உலோகக் கம்பி), ஃபிங்கர்போர்டு, ஃப்ரெட்டுகள், உடலோடு சேரும் மூட்டு எல்லாம் இருப்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் திசை மாறாது. 1950களின் தடித்த நெக்குகளைக் கையில் எடுத்தவர்கள் அவற்றின் ஒலி கட்டுறுதியாக இருக்கிறது என்று சொல்லும்போது அவர்கள் கேட்பது பழைய மரத்தின் மகிமையை அல்ல, மில்லிமீட்டர்களை என்றே நான் நம்புகிறேன்.

அப்படியானால் மேப்பிள் பளிச்சென்றும் மஹோகனி இதமாகவும் ஒலிப்பதாகக் கோடிக்கணக்கான காதுகள் கேட்டது பொய்யா? பொய்யல்ல, அவை கேட்டது இரண்டு முழுக் கிட்டார்களை. ஃபெண்டரின் மேப்பிள் நெக் 25.5 அங்குல ஸ்கேல் நீளத்தோடும் (அதிரும் தந்தியின் நீளம்) சிங்கிள் காயில் என்ற ஒற்றைச் சுருள் பிக்கப்போடும் திருகுகளால் பூட்டிய மூட்டோடும் வந்தது. கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டாரின் மஹோகனி நெக் 24.75 அங்குல ஸ்கேலோடும், 1957 முதல் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்போடும், பசையிட்டு ஒட்டிய மூட்டோடும் வந்தது. ஒரே தந்தியை ஒரே சுரத்துக்கு ஏற்றும்போது நீண்ட ஸ்கேலில் இழுவிசை சுமார் ஆறு விழுக்காடு கூடுதலாகிறது. ஹம்பக்கரோ இரண்டு சுருள்களால் தந்தியின் அகன்ற ஒரு பகுதியை உணர்வதாலும், சுருளின் மின் இயல்பாலும், மேல் அலைவெண்களை மட்டுப்படுத்துகிறது. இவ்வளவும் மாறியிருக்கும்போது வேறுபாட்டை மரத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை.

வரலாறும் இதையே சொல்கிறது. லியோ ஃபெண்டர் மேப்பிளைத் தேர்ந்தது அதன் வலுவுக்காக. 1950இல் முதலில் வெளிவந்த எஸ்கொயர் கிட்டார்களில் ட்ரஸ் ராட் கிடையாது. மேப்பிளின் வலுவே போதும் என்று அவர் கருதினார். நெக் வளைந்துபோய்க் கிட்டார்கள் திரும்பி வரத் தொடங்கியதும் அதே ஆண்டின் இறுதிக்குள் ட்ரஸ் ராட் சேர்க்கப்பட்டது. மறுபுறம் கிப்சன், அமெரிக்காவின் காலமசூ நகரில் மாண்டலினும் வளைந்த மேற்பலகை கொண்ட ஆர்ச்டாப் கிட்டாரும் செய்து பழகிய நிறுவனம். செதுக்க எளிதான, பருவம் மாறினாலும் அதிகம் முறுக்கிக்கொள்ளாத மஹோகனி அதன் பட்டறையில் ஏற்கெனவே இருந்தது. அந்த நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹ்யூ உருவாக்கிய சரிசெய்யக்கூடிய ட்ரஸ் ராடுக்கு 1923இலேயே காப்புரிமை கிடைத்திருந்ததால் மரம் ஓரளவு மென்மையாக இருந்தாலும் அதனால் சமாளிக்க முடிந்தது. இரண்டு மரங்களும் வேலைக்குத் தோதானவை என்பதால் நுழைந்தன. அவற்றின் ஒலியைப் பற்றிய புகழ் பிறகு வந்து சேர்ந்தது.

மஹோகனியின் உண்மையான பலவீனம் ஒலியில் இல்லை, ஹெட்ஸ்டாக்கின் அடியில் இருக்கிறது. லெஸ் பாலின் ஹெட்ஸ்டாக் நெக்கிலிருந்து 17 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஒரே மரத்துண்டில் இப்படிச் செதுக்கும்போது, நெக்கின் நீளத்துக்கு ஓடிவந்த மர இழைகள் அந்தத் திருப்பத்தில் குறுக்கே அறுபட்டுக் குட்டையாகி நிற்கின்றன. ஃபிங்கர்போர்டின் நுனியில் தந்திகளைத் தாங்கும் நட்டுக்குச் சற்றுப் பின்னால், அதே இடத்தில்தான் ட்ரஸ் ராடின் திருகைத் திருப்புவதற்காக மரம் தோண்டவும் படுகிறது. எஞ்சியிருப்பது சில மில்லிமீட்டர் குட்டை இழை மட்டுமே. ஸ்டாண்டிலிருந்து கிட்டார் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தால், தந்திகளின் இழுவிசையும் ட்யூனர்களின் கனமும் சேர்ந்து சரியாக அங்கே பிளவை உண்டாக்கும். கிப்சன் 1960களின் நடுவில் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்ததும், அந்தப் பத்தாண்டின் முடிவில் பின்புறத்தில் மரத்தைத் திரட்டிவிட்டு மூன்று துண்டுகளை ஒட்டிய நெக்குக்கு மாறியதும், 1970களின் நடுவிலிருந்து 1980களின் தொடக்கம் வரை லெஸ் பாலுக்கே மேப்பிள் நெக் பொருத்தியதும் இந்த முறிவைத் தடுக்கத்தான். அந்த மேப்பிள் நெக் லெஸ் பால்கள் ஸ்ட்ராட் போல ஒலிக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அவை லெஸ் பால்களாகவே ஒலித்தன. சற்றுக் கூர்மையாக இருக்கின்றன என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அதே காலத்தில் உடலின் கட்டமைப்பும் மாறியிருந்ததால் அதை நெக்கின் மேல் மட்டும் ஏற்ற முடியாது.

மலிவு விலைக் கிட்டார்களின் விவரத்தில் மஹோகனி என்று எழுதியிருந்தால் இன்னொரு கேள்வியும் கேட்கவேண்டும். நாட்டோ, ஒக்கூமே, ஆப்பிரிக்காவின் காயா, சப்பெலி என்று பல மரங்கள் அந்தப் பெயரின் நிழலில் விற்கப்படுகின்றன. இவற்றில் கெட்ட மரம் எதுவுமில்லை. ஆனால் அடர்த்தியும் விறைப்பும் இவ்வளவு மாறுபடும் கூட்டத்துக்கு ஒரே டோனை வாக்களிப்பது பொருளற்றது.

ஃபிங்கர்போர்டைப் பற்றிய வாதம்தான் எல்லாவற்றிலும் சூடானது. எனக்கு அதுவே எல்லாவற்றிலும் மெலிந்ததாகத் தோன்றுகிறது. சுரத்தை அழுத்தும்போது தந்தி நிற்பது உலோக ஃப்ரெட்டின் மேல். பலகை சுமார் ஐந்து மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே உள்ளது. இந்திய ரோஸ்வுட்டின் அடர்த்தி சுமார் 830 கிலோ என்பதால் மேப்பிளைவிடக் கனம். விறைப்பில் மேப்பிளுக்குச் சற்றுக் கீழே. எபனி 950 கிலோவைத் தொட்டு, விறைப்பிலும் இரண்டையும் வெல்கிறது. ஆகவே எபனி நெக்கைச் சற்று விறைக்கச் செய்யும், அவ்வளவே. ஃபெண்டர் 1958இல் ஜாஸ்மாஸ்டர் மாடலிலும் 1959இல் ஸ்ட்ராட்டிலும் டெலிகாஸ்டர் மாடலிலும் ரோஸ்வுட்டைக் கொண்டுவந்தபோது, வாசித்து வாசித்து வார்னிஷ் தேய்ந்த மேப்பிள் பலகைகள் அழுக்கேறிக் கறுத்துப்போனது ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. விரல் உணர்வுக்குத்தான் இந்தத் தேர்வில் உண்மையான எடை உண்டு: மேப்பிள் பலகைக்கு மேற்பூச்சு கட்டாயம் என்பதால் அது வழவழப்பாக இருக்கும், வியர்த்த விரல்களுக்குச் சிலவேளை ஒட்டும், ரோஸ்வுட் துளைகளோடு, பூச்சில்லாமல், எண்ணெய் மட்டும் கேட்கும், எபனி துளைகளே தெரியாத இறுக்கம். விரல் எப்படி உணர்கிறதோ அதற்கேற்ப வாசிப்பு மாறும், வாசிப்பு மாறினால் ஒலி மாறும். அந்த வழியில் பலகை டோனைத் தொடுகிறது என்று நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன்.

ரோஸ்வுட் என்னும்போது நமக்கு அருகிலுள்ள ஒரு செய்தியைச் சொல்லாமல் போக முடியாது. உலகின் பெரும்பாலான ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டுகளுக்குரிய மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். பிரேசிலின் ரோஸ்வுட் 1992இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் சேர்ந்த பிறகு ஈட்டியின் மேல் சுமை இன்னும் கூடியது. தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காக்க 1994இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2017 ஜனவரியில் அந்த மரப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, ஃபெண்டர் தன் மெக்சிகோ கிட்டார்களில் பாவ் ஃபெரோ என்ற மரத்துக்கு மாறியது. ரோஸ்வுட்டின் ஒலி போய்விட்டது என்று பலர் புலம்பினார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. பாவ் ஃபெரோவின் அடர்த்தியும் விறைப்பும் ஈட்டிக்கு மிக நெருக்கமானவை. நிறம் மட்டுமே வெளிறியது. அந்தப் புலம்பலில் கண்ணின் பங்கு பெரிது. காட்டில் நூறாண்டு நின்ற ஈட்டியை, மாற்று மரம் இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் இடத்தில், வற்புறுத்திக் கேட்பது தேவைதானா என்று வாங்குகிறவர்கள் எண்ணிப்பார்க்கவேண்டும்.

இப்போது என் பார்வையில் முதன்மையான விஷயத்துக்கு வருகிறேன்: நிலைத்தன்மை. ஈரப்பதம் ஏறும்போது மரம் நீரை உறிஞ்சி விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது; ஃபிங்கர்போர்டும் நெக்கும் வெவ்வேறு அளவில் அசைந்தால் நெக் முன்னோக்கியோ பின்னோக்கியோ வளையும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில், பகலில் புழுக்கத்திலும் இரவில் ஏசி அறையிலும் இருக்கும் கிட்டாருக்கு இது அன்றாடச் சோதனை. தந்தி உயரம் மாறி, ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும் சுரம் கெடுக்கும் டோனை எந்த அரிய மரமும் ஈடுகட்டாது. மஹோகனி இயல்பிலேயே குறைவாக அசையும் மரம் என்பது அதன் மறுக்க முடியாத வலிமை. சாதாரண மேப்பிள் அதைவிடக் கூடுதலாக அசையும். ஆண்டு வளையங்கள் ஃபிங்கர்போர்டுக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகையைத் தேர்ந்தால் முறுக்கிக்கொள்வது குறையும். நெக்கின் அடிப்பகுதியில் தெரியும் கோடுகளைப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

வறுத்த மேப்பிள் இந்தச் சிக்கலுக்கென்றே வந்தது போன்ற மரம். ஆக்சிஜன் குறைந்த உலையில் 160 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது மரத்தின் செல் சுவரில் நீரைப் பிடித்துவைக்கும் பொருள்கள் சிதைகின்றன. அதன்பின் அந்த மரம் காற்றின் ஈரத்தை முன்போல் உறிஞ்சுவதில்லை. எடை சற்றுக் குறைகிறது, நிறம் தேன் பழுப்புக்கு மாறுகிறது, தடித்த வார்னிஷ் இல்லாமல் எண்ணெயும் மெழுகும் போதுமானதாகிறது. ஒலி மேம்படும் என்று விளம்பரங்கள் சொல்வதை நான் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. நெக் நேராக நிற்கும் என்பதே போதிய காரணம். விலையும் ஒரு குறையும் உண்டு: வறுத்த மரம் எளிதில் பிளவுபடும் என்பதால் ட்யூனர் திருகுகளுக்கும் நெக் திருகுகளுக்கும் சரியான அளவில் முன்துளை இடாமல் முடுக்கக் கூடாது.

வெங்கே மரம் மேப்பிளைவிட ஏறத்தாழ நாற்பது விழுக்காடு விறைப்பானது. பேஸ் நெக்குகளுக்கு அது விரும்பப்படுவதில் வியப்பில்லை. ஆனால் 870 கிலோ அடர்த்தி இடுப்பில் தொங்கும் கிட்டாரின் தலையைக் கீழே இழுக்கும். மேப்பிளுக்கு நடுவே வால்நட்டையோ வெங்கேயையோ பட்டையாக வைத்து ஒட்டிய ஐந்து துண்டு நெக்குகள் மெலிந்த வடிவத்திலும் நேராக நிற்கின்றன. 17, 18 மில்லிமீட்டர் தடிமனை விரும்புகிறவர்கள் ஒற்றை மரத்தை விட்டுவிட்டு இவற்றையே கேட்கவேண்டும். அலுமினியமும் கார்பன் இழையும் இந்த ஒப்பீட்டின் ஓரத்தில் நிற்பவை. 1974இல் கிட்டார் தயாரிப்பாளர் டிராவிஸ் பீன் அலுமினிய நெக்கோடு வந்தார். அது தெளிவாக ஒலித்தது, ஆனால் கையின் சூட்டுக்கும் மேடை விளக்கின் சூட்டுக்கும் சுருதி நகர்ந்தது.

ஸ்ட்ராட் வகைக் கிட்டாருக்கு மாற்று நெக் வாங்குகிறவருக்கு என் தெரிவு வறுத்த மேப்பிள் நெக், சுமார் 22 மில்லிமீட்டர் தடிமன், கைக்கு உவப்பான எந்த ஃபிங்கர்போர்டும். அந்த விலை இயலாவிட்டால், செங்குத்து வளையமுள்ள சாதாரண மேப்பிளே போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல செட்-அப்புக்கும் ஃப்ரெட் சமன்படுத்தலுக்கும் கொடுக்கலாம். சிறிய கை உள்ளவருக்கும், வேகமாக வாசிக்க மெலிந்த நெக் கேட்பவருக்கும் ஐந்து துண்டு நெக். ஒட்டிய மூட்டும் 24.75 அங்குல ஸ்கேலும் ஹம்பக்கரும் வேண்டுமென்பவர் மஹோகனியைத் தயங்காமல் எடுக்கலாம். ஹெட்ஸ்டாக் தனித்துண்டாகச் சாய்வாக ஒட்டப்பட்டதாகவோ, நெக் மூன்று துண்டுகளால் ஆனதாகவோ இருந்தால் இன்னும் நல்லது. கடையில் எதை எடுத்தாலும் ஆம்ப்ளிஃபையரைத் தொடுவதற்கு முன் G, B தந்திகளை ஒவ்வொரு ஃப்ரெட்டாக மீட்டிக் கேளுங்கள். நீங்கள் அடிக்கடி நீட்டிப் பிடிக்கும் சுரத்தின் மேலேயே டெட் ஸ்பாட் விழுந்திருந்தால், மரம் எதுவானாலும் அந்தக் கிட்டாரைத் திருப்பி வைத்துவிட்டு, அதே மாடலில் இன்னொன்றைக் கேட்டு வாங்குங்கள்.